குழிக்குள் இறங்கச் சொல்லும்போது தொழிலாளி என்ன சொல்லலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பை நான் நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். மாவட்டச் செய்திப் பக்கத்தில் 'தோல் தொழிற்சாலையில் விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்ற தலைப்பு, ஏறக்குறைய அதே சொற்களில், எத்தனையோ முறை வந்துவிட்டது. ஊர் மட்டும் ஒருமுறை ராணிப்பேட்டையாக இருக்கும், மறுமுறை ஆம்பூராகவோ வாணியம்பாடியாகவோ இருக்கும். பழைய வடஆர்க்காடு மாவட்டம் பிரிந்து பிரிந்து, 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகிவிட்ட போதிலும், பாலாற்றங்கரையின் தோல் தொழில் ஒன்றுதான். அதில் சாகிறவர்கள் சாகும் விதமும் ஒன்றுதான். அந்தத் தலைப்பில் உள்ள 'தாக்கி' என்ற சொல்லைப் பற்றியே முதலில் எழுத விரும்புகிறேன். எங்கிருந்தோ வந்த ஒன்று எதிர்பாராமல் பாய்ந்துவிட்டது என்ற எண்ணத்தை அச்சொல் வாசகருக்குத் தருகிறது. டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவு அலுவலகத்தில், எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாயு எங்கே உண்டாகும், எப்போது உண்டாகும் என்பது அங்குள்ள மேஸ்திரி முதல் முதலாளி வரை எல்லோரும் முன்கூட்டியே அறிந்த செய்தி.

பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அடுத்த கட்டங்களில் அதே தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊற வைத்து, பிறகு குரோமியம் ஏற்றுகிறார்கள். சுண்ணாம்புக் கழிவுநீரும் அமிலக் கழிவுநீரும் ஒரே குழியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறும். இரண்டும் சேராவிட்டாலும், அடியில் தங்கிய சேறு நாள்கணக்கில் புளித்தால் அதே வாயு சேற்றுக்குள் அடைந்து கிடக்கும். கம்பியால் கிளறியவுடன் மேலே வரும். இது காற்றைவிடக் கனமானது என்பதால் குழியை விட்டு எளிதில் வெளியேறாது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கின் நுகரும் திறனே மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் நினைவிழந்து விழுவார். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நம் தொழிலாளர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே அவர்களைக் கொல்கிறது.

இதை நான் கண்ணால் கண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி விடியற்காலை, நான் வேலை பார்த்த டேனரியில் கழிவுநீர் சேரும் குழியின் வாய் முடியும் சவ்வும் அடைத்து நிரம்பி வழிந்தது. தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம்களின் ஓட்டம் நிற்கக் கூடாது என்பதற்காக, மேஸ்திரி இரண்டு பேரை அழைத்து இறங்கி வாரச் சொன்னார். மூங்கில் ஏணியில் பாதி இறங்கியவன் நின்று மேலே பார்த்து, "நாத்தம் அடங்கிடுச்சுண்ணா, ஒண்ணும் இல்ல" என்றான். அடுத்த படியில் கால் வைத்தவன் வைத்த இடத்திலேயே மடங்கி விழுந்தான். மேலே நின்றவன், கூடப் பிறந்த தம்பியைப் போலப் பழகியவன் என்பதால், யோசிக்காமல் பின்னாலேயே குதித்தான். மூன்றாவதாக ஓடி வந்தவனை மட்டும் வயதான டிரம் ஆள் ஒருவர் இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்காமல் இருந்திருந்தால் அன்று மூன்றாவது ஆளும் போயிருப்பான். கொக்கி போட்டு இருவரையும் இழுத்தார்கள். ஒருவன் பிழைத்தான். தோல் கட்டும் தடித்த கயிற்றுச் சுருள் குழியிலிருந்து பத்தடி தூரத்தில் கிடந்தது. அதன் ஒரு முனையை இறங்குபவன் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஒருவர் பிடித்திருந்தால், பின்னால் ஒருவன் குதிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. காலை பத்து மணிக்கு மேலாளர் விபத்துப் பதிவேட்டை என் முன் வைத்து, 'கால் வழுக்கித் தொட்டியில் விழுந்தார்' என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். அந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கும் காரணம்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றைப் பின்னாளில் சட்டப் புத்தகத்தில் படித்தேன். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, வாயு சேரக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் எவரையும் இறங்கச் சொல்லவோ இறங்க விடவோ கூடாது என்றது. வாயுவை வெளியேற்ற இயன்றதெல்லாம் செய்த பிறகு, தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்து, இடம் பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 'இறங்க விடவோ' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். "நாங்கள் சொல்லவில்லை, அவனாகவே இறங்கினான்" என்ற பதிலுக்கு அந்தச் சொல் இடம் தரவில்லை.

போபால் துயரத்துக்குப் பிறகு 1987-இல் அதே சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழில்களின் முதல் அட்டவணையில் 15-ஆவது இனமாகத் தோல் பதனிடுதலும் இடம்பெற்றது. அந்த அத்தியாயத்தின் 41-எச் பிரிவு, உடனடி ஆபத்து நேரக்கூடும் என்று நியாயமான அச்சம் கொண்ட தொழிலாளி, நேரடியாகவோ பாதுகாப்புக் குழுவிலுள்ள தம் பிரதிநிதி வழியாகவோ நிர்வாகத்திடம் எச்சரிக்கலாம் என்றும், அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றும் சொன்னது. ஆபத்து உண்மை என்று நிர்வாகம் ஏற்றால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஏற்காவிட்டால் விஷயத்தை ஆய்வாளரிடமே ஒப்படைக்க வேண்டும், அவர் முடிவே இறுதி. ஆகவே, தொழிலாளி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடும் வழி நிர்வாகத்துக்குச் சட்டத்தில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் பழைய பிரிவுகளின் எண்கள் மாறியுள்ளன. ஆனால் இந்த உரிமை பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பின் 14-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அபாயகரமான தொழில் என்று பட்டியலிட்டவற்றுக்கு மட்டும் என்றிருந்தது மாறி, தொகுப்பின் கீழ் வரும் எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்துள்ளது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். அதே தொகுப்பு, மின்விசையுடன் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கருதுவதற்கான ஆள் எண்ணிக்கையை 10-இலிருந்து 20 ஆக உயர்த்தியிருப்பது வருந்த வேண்டிய மாற்றம். பிறர் தோலைக் கூலிக்குப் பதனிடும் சின்னச் சின்ன டேனரிகள் நிறைந்த நம் பகுதியில் அதன் விளைவை முதலில் சுமப்பவர்கள் நம் ஆட்களே.

உரிமை இருக்கட்டும், சொன்னால் மறுநாள் கேட்டுக்குள் விடுவார்களா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை இருபத்தெட்டு ஆண்டுகளும் கேட்டிருக்கிறேன். அது நியாயமான கேள்வி. புகார் தந்தவர் யார் என்பதை ஆய்வாளர் இரகசியமாக வைக்க வேண்டும், ஆய்வுக்கு வரும்போது புகாரின் பேரில்தான் வந்தேன் என்பதைக்கூட நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது என்று 1987-இல் சேர்த்த 118-ஏ பிரிவு விதித்தது. அதற்கும் முன்பே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையை 1949-இல் ஏற்றபோது, புகாரின் மூலத்தை ஆய்வாளர்கள் முற்றிலும் இரகசியமாகக் காப்பார்கள் என்ற பொறுப்பை இந்திய அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதை அறிந்த ஒரு தொழிலாளியைக்கூட நான் பணிக்காலத்தில் சந்தித்ததில்லை. சங்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

எனவே, ஆபத்தைக் கண்ட ஒருவர் செய்யக்கூடியவற்றை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதலில் தனியாகச் சொல்லக் கூடாது. இரண்டு பேர் காதில் விழும்படி, "வாயு சோதித்த சான்று இருக்கிறதா, கயிறும் பெல்ட்டும் எங்கே" என்று மேஸ்திரியிடம் கேட்க வேண்டும். மறுப்பாகப் பேசுவதைவிட இப்படிக் கேட்பது நல்லது. கேள்வி கேட்டதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது அவ்வளவு எளிதல்ல. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தேதி, நேரம், எந்தத் தொட்டி, என்ன ஆபத்து, யாரிடம் சொன்னோம் என்பதை நாலே வரியில் எழுதி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, நிர்வாகத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பெயர் வெளிவரக் கூடாது என்று விரும்புபவர் இயக்ககத்துக்கு மட்டும் அனுப்பி, பெயரை இரகசியமாக வைக்கும்படி அதிலேயே எழுதலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாளில் தரும் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பின்னாளில் மதிப்பு உண்டு. வேலையை விட்டு நிறுத்திவிட்டால், சங்கம் இல்லாத தனி ஒருவரும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் தாவா எழுப்பலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு நேரில் போனாலும் வழி சொல்வார்கள்.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒரு குறையை மறைக்க நான் விரும்பவில்லை. நம் சட்டம் எச்சரிக்கும் உரிமையைத் தருகிறது. ஆய்வாளர் வந்து முடிவு சொல்லும் வரை அந்த வேலையைச் செய்யாமல் ஒதுங்கி நிற்கும் உரிமையை வெளிப்படையாகத் தரவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கையின் 13-ஆவது விதி, உயிருக்கு உடனடியான, கடுமையான ஆபத்து உண்டு என்று நியாயமாக நம்பி விலகி நின்ற தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அந்த அமைப்பு 2022 ஜூனில் அறிவித்தது. ஆய்வாளருக்குத் தகவல் போய், அவர் புறப்பட்டு வந்து சேர்வதற்குள், குழிக்குள் இருப்பவனுக்கு இரண்டு மூச்சுதான் மிச்சம். அந்த இடைவெளியில் அவனைக் காக்கும் ஒரே சொல் 'மாட்டேன்' என்பதுதான். அச்சொல்லைச் சொன்னவனின் கூலியைப் பிடிக்கக் கூடாது, வேலையைப் பறிக்கக் கூடாது என்ற ஒரு வாக்கியத்தை, புதிய தொகுப்பின் கீழ் தமிழ்நாடு அரசு வகுக்கும் விதிகளில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2015 ஜனவரி 31-ஆம் நாள் விடியற்காலையை ராணிப்பேட்டையில் யாரும் மறந்திருக்க முடியாது. சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில், டேனரிகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கழிவுச் சேறு பாய்ந்து, 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எந்தத் தொட்டியிலும் இறங்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள். அபாயகரமான தொழில் நடத்துபவர், அதன் ஆபத்துகளைத் தம் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, உள்ளாட்சி அமைப்புக்கும் அக்கம்பக்கத்தில் வாழும் பொதுமக்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று 41-பி பிரிவு அன்றைக்கும் சட்டத்தில் இருந்தது. தொழிற்சாலை அறிவிப்புகள் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 108-ஆம் பிரிவும் இருந்தது. இன்று டிரம்மில் நிற்பவர்களில் பலர் வங்காளமும் ஒடியாவும் இந்தியும் பேசுகிறார்கள். சுவரில் உள்ள பலகையோ தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பாலாற்றைக் காக்க வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆறும் கிணறும் பெற்ற கவனத்தில் ஒரு பங்கு, அந்தக் கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டிகளில் இறங்கும் மனிதருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

விபத்து நடந்த பிறகு நடப்பதையும் சொல்லியாக வேண்டும். பிணவறை வாசலிலேயே பேச்சு தொடங்கிவிடும். முத்திரைத் தாளில் ஒரு தொகை எழுதி, 'இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்' என்று அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் கையெழுத்து வாங்குவார்கள். இப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னது. உயிரிழப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடாகக் கணக்கில் சேராது என்று 8-ஆம் பிரிவு சொன்னது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவராக இருந்தால் வழி வேறு: பணியில் இறந்தவரின் கூலியில் 90 விழுக்காடு வரை, சார்ந்திருப்போருக்குள் பகிர்ந்து, மாதந்தோறும் வரும். காயமுற்றவருக்கும் குணமாகும் வரை அதே 90 விழுக்காடு உண்டு. இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இத்திட்டத்தில் வருவார்கள். "காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலும் செல்லாது. சந்தாவுக்கு முதன்மை முதலாளியே, அதாவது ஆலையை நடத்துபவரே, முதல் பொறுப்பு. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் கூலி எவ்வளவு என்று கேட்ட அதே மூச்சில் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். நான் எழுதிய அந்த ஒற்றை வரியால், 'கால் வழுக்கி' என்ற இரண்டு சொற்களால், ஒரு குடும்பம் இந்த உரிமைகளைக் கேட்கக்கூட வழியின்றி ஊர் திரும்பியது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் பசை வாடையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் பெண்கள், குடியாத்தத்துத் தீப்பெட்டி வேலையாட்கள், வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர்கள் ஆகியோரின் துன்பம் வேறு வகையானது. அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடமும் இயக்ககத்திடமும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஒவ்வொரு டேனரியிலும் ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும், கேட்டின் உட்புறத்தில், ஆய்வாளர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், 'புகார் தருபவர் பெயர் இரகசியமாக வைக்கப்படும்' என்ற வரியையும் தமிழ், இந்தி, வங்காளம், ஒடியா ஆகிய நான்கு மொழிகளில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் வாயருகிலும் பூட்டிய மூடியும், அந்தப் பூட்டின் சாவி வாயு சோதிக்கத் தகுதி பெற்றவரிடம் மட்டும் இருக்கும் ஏற்பாடும் வேண்டும். மூடி பூட்டியிருந்தால், நள்ளிரவில் அவசரப்படும் மேஸ்திரியால் எவரையும் இறக்க முடியாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இப்படி ஒரு செய்தி வரும்போது, தங்கள் செய்தியாளர் சம்பவ இடத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டு, கிடைத்த பதிலையோ பதில் கிடைக்காததையோ செய்தியிலேயே எழுத வேண்டும்: வாயுவைச் சோதித்துச் சான்று எழுதியவர் யார், அந்தச் சான்றில் எத்தனை மணி என்று போட்டிருக்கிறது, கயிற்றின் மறுமுனையை யார் பிடித்திருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
வாலாஜாபேட்டை